ஏழாம் திடல் மரம்

மரத்திலிருந்து ஆணி பிடுங்குவதற்கு ஒருவர் சம்பளம் வாங்குகிறார் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் கண்ணால் பார்த்தவன் நான். பதினோரு வருஷம், திங்கட்கிழமை தவறாமல், அந்த ஏரிக்கரைக் காட்டுக்குக் குப்பை லாரி ஓட்டிப் போயிருக்கிறேன். நகரத்திலிருந்து நாலு மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் வெறும் மண்பாதை. இறங்கும்போது இடுப்பு நம்முடையதுதானா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கியதும் காதில் விழுவது பறவைச் சத்தம் அல்ல. கிரீச் கிரீச்சென்று எங்கோ ஆணி வருகிற சத்தம்தான்.

அவரை எல்லாரும் ஆணிக்காரர் என்றார்கள். நான் அண்ணே என்பேன். கூடாரம் போட வருகிறவர்களுக்காக ஏரியைச் சுற்றிப் பன்னிரண்டு திடல்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நிழலுக்கு ஒரு பெரிய பைன் மரம், அடுப்புக்கு வட்டமாய் அடுக்கிய கல், நம்பர் எழுதிய பலகை. பன்னிரண்டுக்கும் அவர்தான் காவலாள். வெள்ளி சாயங்காலம் வருகிற கூட்டம் ஞாயிறு சாயங்காலம் கிளம்பும். திங்கட்கிழமை அவர் ஒரு வாளி, ஒரு குறடு, ஒரு சுத்தியலோடு புறப்படுவார்.

என்ன கூட்டம் அது! விளக்கு மாட்ட ஒரு ஆணி, துணி காய ஒரு ஆணி, கண்ணாடி மாட்டி முகம் மழிக்க ஒரு ஆணி. பையிலேயே கிடந்தாலும் கெட்டுப்போகாத சாமானை மாட்ட நாலு ஆணி. விறகு சும்மாவே கிடைக்கும். அண்ணன் காய்ந்த கட்டையாகப் பார்த்துப் பிளந்து திடலுக்குத் திடல் அடுக்கி வைத்திருப்பார். அதைத் தொடமாட்டார்கள். புதுக் கோடாலி வாங்கி வந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? பச்சைக் கிளையை வெட்டி அடுப்பில் போட்டுப் புகைந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, 'காட்டு விறகே இப்படித்தான்' என்று சொல்லிக்கொள்வார்கள். பைன் அடிக்கட்டையில் பிசின் ஊறியிருக்கும், சட்டென்று பற்றும் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தானோ, அதிலிருந்து அடிமரத்தைச் செதுக்குகிற வேலையும் ஆரம்பித்தது. ஒருத்தன் உள்ளங்கை அகலம் செதுக்குவான். அடுத்த வாரம் வருகிறவன் அதைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே செதுக்கினதுதானே என்று இன்னொரு கை செதுக்குவான். வேரோடு ஒட்டிக் கனலைக் கொட்டுவான் ஒருத்தன். அவர்களில் யாரும் ஒரு மரத்தைக் கொன்றதில்லை. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வன இலாகாவில் ஒரு விதி இருந்தது. மரத்தைச் சுற்றிப் பாதிக்கு மேல் பட்டை போய்விட்டால் மார்பளவு உயரத்தில் சிவப்புப் பெயிண்டால் வளையம் போட வேண்டும். எழுதி அனுப்ப வேண்டும். வெட்ட ஆள் வரும். மரம் போன திடலைக் கம்பி கட்டி மூடிவிடுவார்கள். அண்ணன் வளையம் போடுகிற அழகைப் பார்க்க வேண்டும். பிரஷ்ஷை டப்பாவில் முக்கி அப்படியே அப்புவார். பெயிண்ட் கோடு கோடாய் ஒழுகி வேர்வரை இறங்கும்.

"ஒழுகட்டும் தம்பி. தூரத்துல வர்றவனுக்கும் தெரியணும்ல."

பன்னிரண்டு திடல் ஒன்பதாகி, எட்டாகி, கடைசியில் எட்டாம் திடல் மரத்துக்கும் வளையம் போட்டதும் ஆறில் வந்து நின்றது. வெட்டுகிற ஆள் இன்னும் வரவில்லை. மரம் சிவப்பு வளையத்தோடு நின்றுகொண்டிருந்தது. அன்று ரேஞ்சர் ஜீப்பிலிருந்து இறங்காமலே சொன்னார்.

"ஆறுக்குக் கீழ போச்சுன்னா இங்க தனியா ஒரு ஆளு தேவையில்லன்னு மேல முடிவாயிடுச்சுய்யா. பாத்துக்க."

அண்ணனும் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். அவர் பார்த்துக்கொண்ட விதம்தான் வினையாகப் போயிற்று.

வேலையோடு அண்ணனுக்குக் கொடுத்த வீடு, காட்டு வாசலில் இருந்த தடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டே அறை. உள்ளறையில் ஜன்னலோரமாக அண்ணனின் அப்பா படுத்திருப்பார். பக்கவாதம் வந்து எட்டு வருஷம். வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம்: 'போதும்.' தண்ணீர் வேண்டுமென்றாலும் போதும், வலித்தாலும் போதும், என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதும் போதும்தான். அண்ணி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பாள். முதுகில் ஒரு புண் இல்லை. எட்டு வருஷம் படுத்திருந்த உடம்பில் ஒரு புண் இல்லையென்றால் அது சாதாரண விஷயமா? மாமனார் வேலை முடிந்தால் கூடாரக்காரர்களின் கழிவறைகளைக் கழுவுவது. கையெல்லாம் பிளீச்சிங் பவுடர் தின்று வெள்ளை வெள்ளையாய் உரிந்திருக்கும். அந்தக் கையால் எனக்கு டீ போட்டு, ரொட்டி சுட்டு, உருளைக்கிழங்கை மசித்து வைப்பாள்.

"வேலைக்குச் சேரும்போது உங்கண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா தம்பி? ஏரிக்கரையில வீடு, ராணி மாதிரி இருக்கலாம்னாரு. ராணி கக்கூஸ் கழுவறத நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

"ராஜா ஆணி புடுங்கறாருல்ல, அதுக்குத் தகுந்த ராணி," என்பார் அண்ணன் வாசலிலிருந்து.

அப்படிச் சிரித்துக்கொண்டு இருந்தவர்கள்தான்.

மரக் காயத்துக்கு அண்ணன் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். ஏரிக்கரைக் களிமண்ணில் அடுப்புச் சாம்பலைப் பிசைந்து, செதுக்கிய இடத்தில் கனமாகப் பூசி, மேலே சாக்கை நனைத்துச் சுற்றிவிடுவார். புண்ணை மூடி வைத்தால் ஆறும் என்பது அவர் எண்ணம். மனசாரத்தான் செய்தார். அது மரத்துக்கு எமன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காற்றுப் படாமல் ஈரம் உள்ளேயே நின்று மரம் நடுவிலிருந்து சோறு மாதிரி குழைந்துபோகும் என்று பிற்பாடு விசாரணைக்கு வந்தவர் சொன்னார். ஆனால் கணக்கு ஆறு திடலில் வந்து நின்ற பிறகு அண்ணன் இன்னொன்றும் செய்தார். அது வைத்தியம் இல்லை. மண் ஈரமாக இருக்கும்போதே உதிர்ந்த பட்டைகளைப் பொடித்து அதன்மேல் அழுத்திவிடுவார். காய்ந்ததும் பத்தடி தள்ளி நின்றால் நல்ல மரமாகத் தெரியும்.

ஏழாம் திடல் மரம் அப்படித்தான் நின்றது. தலை பச்சைப்பசேலென்று இருக்கும். இடுப்புக்குக் கீழே முக்கால் சுற்று மண்.

அந்த விடுமுறைக்கு முந்தைய திங்கட்கிழமை அவரோடு நானும் மூட்டை அள்ளிக்கொண்டு ஏழாம் திடலுக்குப் போனேன். ஆணியைப் பிடுங்கிவிட்டு, சுத்தியல் காம்பால் மரத்தைத் தட்டினார். தொம் என்றது. வெறும் பீப்பாயைத் தட்டின மாதிரி.

"அண்ணே, இது சரியில்ல," என்றேன்.

"தெரியுது."

"இந்த வாரம் நாலு நாள் லீவு. கூட்டம் நெரியும். வளையம் போட்டுடுங்க."

 அவர் ஆணியை வாளியில் போட்டார். வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்த பிறகு நான் மறுபடி பேச்சை எடுத்தேன். அண்ணி உள்ளறையில் மாமனாரைப் புரட்டிக்கொண்டிருந்தாள், அங்கிருந்தே சொன்னாள்.

"லீவு முடியட்டும் தம்பி. அதுக்கப்புறம் போட்டுக்கலாம். இத்தனை நாள் நின்ன மரம் நாலு நாள் நிக்காதா?"

"நிக்கலேன்னா, அண்ணி?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீ சொல்லு. டவுன்ல எங்களுக்குக் கிடைக்கறது மூணாவது மாடி. போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். படி இந்த அகலம். இவரை எப்படி மேல ஏத்தறது? ஏத்திட்டா எப்படி எறக்கறது? ஜன்னல் திறந்தா எதிர் வீட்டுச் செவுரு. இங்க அந்த ஏரியைப் பாத்துக்கிட்டுத்தான் தம்பி இந்த மனுஷன் உயிரைப் புடிச்சு வச்சிருக்காரு. அங்க தூக்கிட்டுப் போனா ஒரு மாசம் தாங்கமாட்டாரு. மரம் சாயுமா சாயாதான்னு தெரியாது. இது எனக்குத் தெரியும்."

உள்ளே கிழவர் "போதும்" என்றார்.

நான் உருளைக்கிழங்கைத் தின்றேன். ரொட்டி சூடாக இருந்தது. இலாகாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் பண்ணுவதா என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயம் சொல்ல வாய்க்கு எப்போதும் ஒரு பழமொழி கிடைத்துவிடுகிறது.

அந்த வெள்ளியும் சனியும் ராத்திரி நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை காலை வெளுத்துவிட்டது. ஓர் இலை அசையவில்லை. ஏழாம் திடலில் ஒரு சின்னக் குடும்பம் இருந்தது: புருஷன், பெண்டாட்டி, அஞ்சு வயசுப் பெண் குழந்தை. ஆணி அடிக்காத, செதுக்காத, அடுக்கி வைத்த விறகையே எடுத்து எரித்த குடும்பம். குழந்தைக்கு ஊஞ்சல் கட்ட வேண்டுமென்று அந்த மனுஷன் தாழ்வான கிளையில் கயிற்றைக் கட்டினார். தாயும் பிள்ளையும் ஏரிக்குக் கைகழுவப் போயிருந்தார்கள். குழந்தையை உட்கார வைப்பதற்கு முன் தாங்குமா என்று பார்க்க அவரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

மரம் அடியோடு வந்துவிட்டது.

அண்ணனும் பக்கத்துத் திடல்காரர்களும் மரத்தை நெம்பி அவரை எடுத்தார்கள். யாரோ ஒருவருடைய ஜீப்பில் போட்டு, அவர் தலையை அண்ணன் மடியில் வைத்துக்கொண்டு போனார். மண்பாதை முடிவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. 'கடைசிவரைக்கும் மன்னிச்சுக்குங்க மன்னிச்சுக்குங்கன்னாரு தம்பி. உங்க சட்டையெல்லாம் ரத்தமாயிடுச்சேன்னு என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு' என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் நான் போனபோது மற்றத் திடல்கள் எல்லாம் காலி. கூட்டம் பயந்துகொண்டு அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டது. ஏழாம் திடலில் மரம் குறுக்கே கிடந்தது. அடிப்பக்கம் பிய்ந்து, உள்ளே காப்பித்தூள் நிறத்தில் ஈரமாய் உதிர்ந்துகொண்டிருந்தது. வேருக்கு மேலே மார்பளவில் பளிச்சென்று சிவப்பு வளையம்.

போன திங்கட்கிழமை என் எதிரில் அண்ணன் தட்டிப் பார்த்த மரம் அது. அன்றைக்கு அதில் வளையம் கிடையாது.

அண்ணி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"அந்த வளையத்தை நான்தான் பூசினேன். நேத்து அவரு ஜீப்புல போயி, கூட்டமும் கிளம்பினதுக்கப்புறம். உதிர்ந்த மண்ணையெல்லாம் அள்ளி ஏரியில போட்டுட்டேன். அவருக்குத் தெரியாது. ரேஞ்சரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு, பாத்தாரு, ஒண்ணும் பேசல. நேத்துலேருந்து பேசவே இல்ல."

"அண்ணி..."

"செத்தவரு திரும்பி வரமாட்டாரு தம்பி. நான் என்ன செஞ்சாலும் வரமாட்டாரு. இங்க ஒருத்தரு உயிரோட இருக்காரு. ரேஞ்சர் உன்னைக் கேப்பாரு. போன வாரம் வளையம் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் கால்ல வேணா விழறேன்."

"அய்யோ, அதெல்லாம் வேணாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை எனக்குத் தைரியம் வந்திருக்கும். உரிந்த கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரேஞ்சர் ஏழாம் திடலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மாசத்துக்கு ஒருதரம் ஒவ்வொரு மரத்தையும் தானே சோதித்ததாகக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். அவர் சோதித்தது ஜீப் கண்ணாடி வழியாகத்தான் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். கிடந்த மரத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். இருபது வருஷம் காட்டில் வேலை பார்த்த கண். பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பார்த்துவிட்டு என்னிடம் காகிதத்தை நீட்டினார்.

"வளையம் தெளிவா இருந்துச்சு. அப்படித்தானே?"

அண்ணன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"ஆமா சார்."

"ஆளுங்க எச்சரிக்கையை மதிக்கறதில்லப்பா. போர்டு வச்சாலும் படிக்கமாட்டான், பெயிண்ட் அடிச்சாலும் பாக்கமாட்டான். என்ன செய்யறது?"

நான் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை, உதறி உதறிப் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மண்பாதை முழுக்கச் சேறு. நான் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. ஏழாம் திடலில் ஒரு பெண் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். புருஷனின் சாமான்களை எடுத்துப்போக வந்திருக்கிறாள் என்று காரோட்டி சொன்னார். பிள்ளையை அழைத்து வரவில்லை.

மடித்த கூடாரத்தைப் பைக்குள் திணிக்க வரவில்லை அவளுக்கு. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். அடுப்பு, பாத்திரம், பிளாஸ்டிக் தட்டு மூன்று. எல்லாம் கட்டிய பிறகு ஊஞ்சல் கயிறு மிச்சம் இருந்தது. ஒடிந்த கிளையில் முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நோண்டிப் பார்த்தாள்.

"அவரு முடிச்சுப் போட்டா யாராலயும் அவுக்க முடியாது," என்றாள். சொல்லும்போது ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

"அறுத்துடலாமாம்மா?" என்றேன்.

"வேணாம்."

அண்ணன் அப்போதுதான் வந்தார். ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். மண்டியிட்டு, ஆணி பிடுங்குகிற குறட்டின் கூர்முனையை முடிச்சுக்குள் விட்டு, இழை இழையாக நெம்பி அவிழ்த்தார். ரொம்ப நேரம் பிடித்தது. கயிற்றைச் சுருட்டி இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

அண்ணி டீ கொண்டுவந்தாள். அந்தப் பெண் மரத்தண்டின் மேலேயே உட்கார்ந்து குடித்தாள். பிறகு கப்பைக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் நானே வந்தேன். சாமானை எடுக்க எங்கண்ணனை அனுப்பியிருக்கலாம்."

கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு ரோட்டுல ஈ காக்கா இல்லேன்னாலும் சிவப்பு விளக்குக்கு நிப்பாரு. பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிச்சே களைச்சுப் போவான். நானே திட்டுவேன். அப்படிப்பட்டவரு சிவப்பு வளையம் போட்ட மரத்துல எப்படிங்க ஊஞ்சல் கட்டுவாரு?"

அண்ணி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அந்த மரத்தைக் காட்டினது நான்தான். அவரு அந்தப் பக்கம் இருக்கற வேற மரத்தைத்தான் பாத்தாரு. இல்ல, இதுலதான் நிழல் இருக்கு, இதுலயே கட்டுங்கன்னு நான் அடம் புடிச்சேன். மூணு நாள் இதும்மேல சாஞ்சு உக்காந்து பாப்பாவுக்குத் தலை வாரியிருக்கேன். அப்ப வளையம் என் முதுகுக்குப் பின்னாடி இருந்திருக்கணும் இல்ல? எனக்கு ஞாபகமே வரல. கண்ணை மூடினா மரம் வருது, கிளை வருது, வளையம் மட்டும் வரல. பைத்தியம் புடிச்சிடும் போல இருக்கு. எங்க மாமியார் நேருக்கு நேர் கேட்டுட்டாங்க. குருடியா நீ, நீ பாத்திருந்தா எம்புள்ள இருந்திருப்பானேன்னு. நாளைக்கு எம்பொண்ணும் கேக்கும்."

அவள் அண்ணியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா. இருந்துச்சா?"

அண்ணி குனிந்து கீழே இருந்த கப்பை எடுத்துக்கொண்டாள்.

"இருந்துச்சும்மா."

"நீங்களும் பாத்தீங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு," என்று என்னைப் பார்த்தாள்.

இந்த இடத்தை எத்தனையோ தடவை எனக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை.

"ஆமாம்மா," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப நான்தான்," என்றாள். சத்தமாகக்கூட இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி அமைதியாகச் சொன்னாள். கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இருங்கம்மா," என்றார் அண்ணன்.

ஒரு வாரத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று அண்ணி பிறகு சொன்னாள்.

"ஏங்க..." என்றாள் அண்ணி. அவர் திரும்பவில்லை.

"என்கூட கொஞ்சம் வாங்கம்மா. பக்கத்துலதான்."

எட்டாம் திடலுக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன். கம்பி இன்னும் கட்டாத திடல். வெட்டக் காத்திருந்த மரம் நடுவில் நின்றது.

"இது நான் போட்ட வளையம். மரம் நிக்கும்போது போட்டது. பெயிண்ட் ஒழுகியிருக்கு பாருங்க. எந்தப் பக்கம் ஓடியிருக்கு?"

அவள் விளங்காமல் பார்த்தாள். "கீழதான்."

"வேரைப் பாத்து. இல்லையா?"

"ஆமா."

"இப்ப இங்க வாங்க."

ஏழாம் திடலுக்குத் திரும்பி வந்தார். கிடந்த மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, சிவப்பு வளையத்துக்குக் கீழே விரலை வைத்தார். பெயிண்ட் அங்கேயும் கோடு கோடாய் ஒழுகியிருந்தது. ஆனால் ஒரு கோடுகூட வேர்ப்பக்கம் போகவில்லை. மரத்தின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு நேரே தரைக்கு இறங்கி, அடியிலிருந்த புல்லில் சொட்டியிருந்தது. போன வாரம் இதே இடத்தில் நின்று நானும் பார்த்தேன், ரேஞ்சரும் பார்த்தார். எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை.

"நிக்கற மரத்துல போட்டிருந்தா இது இந்தப் பக்கமா ஓடியிருக்கும்மா," என்று வேரைக் காட்டினார். "விழுந்த பெறகு போட்டது இது. நீங்க சாஞ்சு உக்காந்தப்ப இங்க வளையம் கிடையாது. மண்ணுதான் இருந்துச்சு. ஓட்டை வெளிய தெரியாம நான் பூசின மண்ணு. மரம் உள்ள செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியும். தட்டிப் பாத்திருக்கேன். வளையம் போட்டா வீடு போயிடும்னு போடல. உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா."

அவள் அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்தாள். ஒழுகி உறைந்திருந்த பெயிண்ட்டை ஒவ்வொரு கோடாக விரலால் தடவிக்கொண்டே போனாள், தரைவரைக்கும். அவரை அடிப்பாள், திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் காத்திருந்தேன். எதுவும் செய்யவில்லை. தரையிலிருந்து விரலை எடுத்துவிட்டு,

"இதை எழுதித் தருவீங்களா? எங்க மாமியார்கிட்ட காட்டணும்," என்றாள்.

"தர்றேன்மா."

வருகைப் பதிவேட்டின் பின்பக்கத் தாளைக் கிழித்து, குப்பை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து எழுதினார். பெயிண்ட் பூசியது யார் என்று எழுத வேண்டிய இடத்தில் 'நான்' என்று எழுதினார். அண்ணி அதைப் பார்த்தாள். வீட்டுக்குள் போனாள். மாமனாரைப் புரட்டுகிற நேரம் ஆகிவிட்டது.

என்னிடம் அவர் எதையும் கேட்கவில்லை. வாளி கவிழ்ந்தே இருந்தது, பேனாவும் அங்கேதான் இருந்தது. நான் குப்பை மூட்டைகளை லாரியில் ஏற்றினேன்.

அண்ணனுக்கு வேலை போயிற்று; வழக்கும் வந்தது. வீட்டைக் காலி செய்ய மூன்று வாரம் கொடுத்தார்கள். மிச்சமிருந்த அஞ்சு திடல்களில் மண்ணைச் சுரண்டிப் பார்த்து நாலு மரத்துக்கு அவரே வளையம் போட்டார். ரேஞ்சர் வேறு இடத்துக்கு மாறிப்போனார், அவ்வளவுதான்.

அவர்களை ஏற்றிப் போவதற்கு என் லாரியைத்தான் கேட்டார்கள். முதல் நாளே மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். நாற்றம் முழுசாகப் போகவில்லை. மெத்தையைப் பின்னால் விரித்துக் கிழவரைத் தூக்கிப் படுக்க வைத்தோம். ஏரியைப் பார்த்து "போதும்" என்றார். தண்ணீர் கேட்கிறாரா, வலிக்கிறதா என்று அண்ணி குனிந்து பார்த்தாள். இரண்டும் இல்லை போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து தடுப்பில் நின்றது. மேலே கூடார மூட்டை, அதன்மேல் புதுக் கோடாலி. கண்ணாடியை இறக்கி ஒரு பையன் எட்டிப் பார்த்தான்.

"உள்ள இடம் இருக்கா?"

"இல்லப்பா. மூடியாச்சு," என்றார் அண்ணன்.

"அப்ப ஏரிக்கு அந்தப் பக்கமா போனா? அங்க யாரும் கேக்கமாட்டாங்கல்ல?"

 கார் வளைந்து அந்தப் பக்கமாகவே போனது.

அவர் பின்னால் ஏறப்போனார். அண்ணி, "முன்னாடி ஏறுங்க," என்றாள். அவர் ஆணி வாளியோடு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பின் பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டும்போது, மாமனார் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அண்ணி மெதுவாகப் பேசினாள்.

"அவரு மேல எனக்குக் கோவம்னு நினைக்காத தம்பி. அந்தப் பொண்ணு என் கையால டீயை வாங்கிக் குடிச்சிட்டு, அக்கான்னு கூப்பிட்டு, என்னை நம்பிக் கேட்டுச்சு. நான் பூசினதை அவரு தான் பூசினதா எழுதிக் கொடுத்துட்டாரு. நான் சொன்ன பொய்யை யாரு எழுதறது? போன வாரம் பஸ் புடிச்சு அது வீட்டுக்குப் போயி, வாசல்லயே நின்னு சொல்லிட்டு வந்துட்டேன். அது கதவைச் சாத்திடுச்சு. சாத்தட்டும்."

கொக்கி சரியாக விழவில்லை. நான் மறுபடி தூக்கி மாட்டினேன்.

"நீ போனியா?" என்றாள்.

நான் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, வண்டிய எடு. இவரு மேல வெயில் படுது."